மைக்ரோவேவில் பால் காய்ச்சிய வீடு

1

நான் குடியேறிய இந்நாட்டில் மதிய உணவைக் குத்தியபின்தான் உண்கிறார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் திகைக்க வேண்டாம். கடைகளில் விற்கும் ஆயத்த உணவு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டில் அடைக்கப்பட்டு, மெல்லிய தாளால் மூடி ஒட்டப்பட்டிருக்கும். அத்தாளை முட்கரண்டியால் பல இடங்களில் குத்தி, மைக்ரோவேவ் அடுப்புக்குள் தள்ளி, மணி அடித்ததும் எடுத்து, நின்றவாறே தின்று முடித்து, தட்டைக் குப்பையில் எறிந்துவிடுவார்கள். உலகத்தின் பாதியை ஆண்டவர்கள் என்று நம் பள்ளிப் புத்தகங்கள் இவர்களைப் பற்றிச் சொல்லின. ஆண்டவர்கள் தங்கள் மதியச் சோற்றை இவ்வாறு நடத்துவார்கள் என்பதை அப்புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிட்டன.

எங்கள் வீட்டின் நிலைமையும் மேலானதாக இல்லை. என் மகளின் சமையலறை நகைக்கடையைப் போலத் துலங்குகிறது. காரணம், அங்கே சமையல் நடப்பதில்லை. கறுப்புக் கல் மேடை, இழுப்பறைக்குள் இழுப்பறை, நான்கு வாய் அடுப்பு என அத்தனையும் ஓய்வில் இருக்க, நாள்தோறும் உழைப்பது அந்த ஒரு பெட்டிதான். சென்ற ஞாயிறன்று என் பேத்தி, வெளியில் வாங்கிய கோழிக்குழம்பை அது வந்த டப்பாவோடே பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கைப்பேசியில் மூழ்கினாள். எடுத்தபோது டப்பாவின் ஒரு மூலை குழைந்து உள்வாங்கியிருந்தது. குழம்பின் எண்ணெய் டப்பாச் சுவரில் ஊறி, எத்தனை தேய்த்தாலும் போகாத செம்மஞ்சள் கறையாக நின்றது.

"அடியில் குறி போட்டிருக்கிறதே, தாத்தா" என்றாள் ஆங்கிலத்தில். அவளுக்குத் தமிழில் மூன்று சொற்கள் தெரியும்: வா, போ, போதும். என்னை நடத்துவதற்கு அம்மூன்றும் அவளுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

குறி இருந்தது, மறுக்கவில்லை. அலையலையாகச் சில கோடுகள். அக்குறிக்கு நான் கற்ற பொருள் இவ்வளவே: சொன்ன அளவில் சூடாக்கினால் இந்தப் பாத்திரம் உருக்குலையாது. அதனுள் கொதிக்கும் எண்ணெயையும் புளியையும் பற்றி அது உறுதியேதும் கூறவில்லை. உணவை ஒருமுறை சுமந்து வருவதற்கென வார்த்த டப்பாவைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைக்கும் நம் இனத்தாரை மனத்தில் கொண்டு எவரும் அதைப் பொறிக்கவுமில்லை. பிரியாணி வந்த டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, தொலைந்த மூடிக்கு வேறு மூடி தேடி, சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று என்று பணி ஒதுக்கும் வழக்கம் நம்மோடு விமானமேறி இங்கும் வந்துவிட்டது. கடல் கடந்து நாம் காத்துவரும் பண்பாடு எதுவென்று எவரேனும் கேட்டால், அதையே முதலில் காட்டுவேன்.

என் தங்கை மகள் சுகன்யாவின் வேலை ஒரு பாத்திரத்தை நம்பி நின்றதைச் செங்கல்பட்டில் கண்ணால் கண்டு, இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. குழைந்த டப்பாவைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது, அதையே எழுதுகிறேன்.

2

நான் செய்யூர் வட்டத்தில் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டது. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதியொன்றின் சமையற்கட்டில் சேர்ந்து, அங்கே தங்கிய ஒருவரின் உதவியால் இங்கிலாந்தின் வடபகுதிக்கு வந்து, ஒரு மருத்துவமனையின் சமையற்கூடத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றேன். ஆங்கிலத்தை டின்களின் மேலுறைகளிலும் இயந்திரங்களின் முகப்பிலும் படித்தேன். ஆகவே நான் அறிந்த ஆங்கிலத்தின் பெரும்பகுதி எச்சரிக்கைகளால் ஆனது.

வந்த புதிதில் ஒரு கடைக்குச் சென்று, சூடு தாங்கும் நல்ல 'வெசல்' வேண்டுமென்று கேட்டேன். அங்கிருந்த பெண் என்னைத் துறைமுகத்துக்கு வழி கேட்பவனாக எண்ணி, மிகுந்த பரிவோடு பேருந்து எண்ணைச் சொன்னாள். நம் ஊர் ஆங்கிலத்தில் பாத்திரமாக இருப்பது இவர்கள் ஆங்கிலத்தில் கப்பலாகிவிடுகிறது.

சமையற்கூடத்தில் எனக்குக் கிடைத்த கல்வி சுருக்கமானது. அந்தப் பெட்டிக்குள் உலோகம் போகக்கூடாது. எவர்சில்வர், பித்தளை, வெள்ளி, அலுமினியத் தாள் எல்லாம் உலோகமே. பீங்கான் போகலாம், விளிம்பில் தங்கக் கோடு இழுத்த பீங்கான் போகக்கூடாது, ஏனெனில் அக்கோடும் உலோகமே. பூப்போட்ட மெலமைன் தட்டு தானே சூட்டைக் குடித்துக்கொள்ளும், ஆகாது. தண்ணீர் குடிக்கும் சாதாரணக் கண்ணாடித் தம்ளர் விரிசல் விடும். சூடு தாங்கவென்றே செய்த கனத்த கண்ணாடி நல்லது. ஐயம் எழுந்தால், வெறும் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் சூடு தாங்கும் கோப்பையில் தண்ணீரும் வைத்து, ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். தண்ணீர் சுட்டுப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் அது தகுதியானது. தண்ணீரைவிடப் பாத்திரம் சுட்டால் அதை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுதான். இதை அறிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. பட்டம் பெற்றவர்கள் இதை அறியாதிருப்பதைப் பார்த்தால், பட்டமே தடையாக இருக்குமோ என்று ஐயுறுகிறேன்.

அந்த வேலை என் கையிலிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டது. சோப்பு நீரிலும் கொதிநீரிலும் கிடந்து என் விரல் ரேகைகள் தேய்ந்துபோயின. பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். விசாவுக்கு ரேகை வேண்டும். சுகன்யாவின் திருமணத்துக்குப் புறப்பட முயன்றபோது, அந்த அலுவலகத்து இயந்திரம் என் பத்து விரல்களையும் ஏற்க மறுத்தது. "இன்னும் அழுத்துங்கள்" என்று கண்ணாடிக்குப் பின்னிருந்த இளைஞன் சொல்லிக்கொண்டே இருந்தான். அழுத்தினால் முளைப்பதற்கு ரேகை என்ன வெங்காயத்தாளா? மேலதிகாரியின் ஒப்புதல் வந்தபோது தாலி கட்டிப் பல நாள்கள் ஆகியிருந்தன. தாய்மாமன் இல்லாமலே தாய்மாமன் சடங்குகள் நடந்தேறின.

3

சென்ற ஆண்டு தை மாதம்தான் சீரோடு போய்ச் சேர்ந்தேன். சீர் என்னவென்பதைச் சுகன்யாவே தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "லண்டன் மாமா, எனக்கு நக வேணாம். ஒரு மைக்ரோவேவ் வாங்கிக் குடுங்க. அத வெச்சாவது வேலைய காப்பாத்திக்கறேன்." நான் லண்டனில் வசிக்கவில்லை. அதைத் திருத்தும் முயற்சியை என் உறவினர்களிடம் எப்போதோ கைவிட்டுவிட்டேன்.

சுகன்யா சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். திருமணமான நாள் முதல் செங்கல்பட்டில் புகுந்த வீட்டிலிருந்தபடியே வேலை. மடிக்கணினியைச் சமையல் மேடையில் வைத்து, காதில் கருவி மாட்டிக் கூட்டத்தில் பேசிக்கொண்டே குழம்பு தாளிப்பாள். இனி எல்லோரும் நாள்தோறும் அலுவலகம் வந்தாக வேண்டும் என்று நிறுவனம் அறிவித்தபோது வீட்டில் பூகம்பம் எழுந்தது. ஏனெனில் மதியம் மாமனார் வந்து உட்காரும்போது சோற்றில் ஆவி பறக்க வேண்டும். அது அவ்வீட்டின் சட்டம்.

சட்டத்தை இயற்றியவர் மாமனார் ஏகாம்பரம். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எவர்சில்வர் குடத்தை விரலால் சுண்டி, ஓசையிலேயே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். அதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஒரு திறமையை வைத்துக்கொண்டு உலகத்துப் பொருள்கள் அனைத்துக்கும் தீர்ப்புக் கூறுவதுதான் அவரிடம் சகிக்கமுடியாதது. மாமியார் சரோஜாவுக்கு முழங்கால் தேய்மானம். அடுப்பருகே நெடுநேரம் நிற்க இயலாது. சுகன்யாவின் கணவன் ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் இருக்கிறான். "அப்பா சொல்றதும் கரெக்டு, அவ சொல்றதும் கரெக்டு" என்பது அவன் கருத்து. அதை இக்குறிப்பில் மீண்டும் எடுத்துச்சொல்லும் தேவை எழாது.

"ஆறிப்போன சோத்தத் துன்றதுக்கு எனக்கு இன்னாத்துக்கு வூடு?" என்று ஏகாம்பரம் என்னிடமே கேட்டார். "தோ, நீங்க சீரு கொணாந்துட்டீங்க, தட்ட முடியாது. பெட்டி ஒழுங்கா நின்னா அவ திங்கக்கெழம போவட்டும். இல்லாங்காட்டி வேலைய வுட்டுட்டு வூட்டப் பாக்கட்டும்."

ஆக, வேலை பெட்டியின் மேலும் பெட்டி திங்கட்கிழமையின் மேலும் நின்றன.

வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் அமர்த்தி, கையில் காப்பி கொடுத்துவிட்டு, சீராக வந்த அடுப்புக்குப் பூசை போடக் குடும்பம் சமையற்கட்டுக்குள் போயிற்று. புது வீட்டிலும் புது அடுப்பிலும் முதலில் பால் காய்ச்சிப் பொங்கவிடுவது நம் வழக்கம். மைக்ரோவேவும் அடுப்புதானே என்று அவர்கள் எண்ணியது எனக்குத் தெரியாது. உள்ளிருந்து குரல்கள் கேட்டன.

"மாமா, மெட்டல் வெக்கக் கூடாதுங்க. கண்ணாடிதான் வெக்கணும்" என்றாள் சுகன்யா.

"பாத்திரத்தப் பத்தி எனக்கே சொல்றியா? எங்க நைனா காலத்து வெள்ளி சொம்பு. இதுல காச்சாத பால வேற எதுல காச்சறது, பாத்ரூம் மக்குலயா?"

"அதுக்கில்ல மாமா..."

"நல்ல காரியத்துல குறுக்க பேசாத. பட்டன அமுக்கு சரோஜா."

காப்பியை வைத்துவிட்டு எழுந்தேன். என் வயதில் எழுவதற்கே ஒரு நேரம் பிடிக்கிறது. நான் வாசற்படியை அடைந்தபோது பெட்டிக்குள் நீலமாக மின்னிற்று, பட்பட்டென்று வெடியோசை. கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, குங்குமம் இட்டு, உள்ளே அமர்த்தப்பட்டிருந்த வெள்ளிச் சொம்பு நாலாபுறமும் பொறி கக்கியது. கயிறு தீப்பற்றிற்று. அடுத்த நொடி வீட்டின் மின்சாரமே நின்று, என் தலைக்கு மேலிருந்த விசிறியும் தளர்ந்து ஓய்ந்தது. கருகிய மஞ்சளின் வாடை மட்டும் மிஞ்சியது.

ஏகாம்பரம் வெளியே வந்து நெற்றியைத் துடைத்தார்.

"சம்மந்தி, பெட்டி நெருப்பு கக்குது."

"கக்குனது சொம்புங்க."

"சொம்பு அறுவது வருசமா எங்க வூட்ல கீது. ஒரு நாளும் கக்கல. பெட்டி இன்னிக்குத்தான வந்துது?"

இந்த வாதத்தின் கட்டுமானத்தைப் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்டையே இல்லை. அறிவு மட்டும்தான் இல்லை.

மாலைக்குள் மதுராந்தகத்து உறவினர்வரை செய்தி பரவி, பெட்டி வெடித்துக் கூரை கருகியதாக வளர்ந்துவிட்டது. அந்தப் பெட்டியின் கதிர் ரத்தத்தைத் தண்ணீராக்கும் என்று எவனோ எழுதியதைக் கைப்பேசியில் பெற்று, ஏகாம்பரம் அதை எனக்கே உரக்கப் படித்துக் காட்டினார். சரோஜா மட்டும் வேறு மாதிரி பேசினார்.

"கதிர் கிதிர்லாம் எனக்குத் தெரியாதுங்கண்ணே. பால் பொங்கணும். பொங்காத அடுப்புல நான் சோறு வெக்க மாட்டேன். அவ்ளோதான்."

4

இங்கே எங்கள் தெருவில் குப்பைக்கு மூன்று நிறத் தொட்டிகள் உண்டு. எண்ணெய்க் கறை படிந்த டப்பாவைத் தவறான தொட்டியில் போட்டதற்காக நேற்று நகராட்சியார் எங்கள் தொட்டியைத் தொடாமல், கைப்பிடியில் ஓர் எச்சரிக்கை அட்டையைக் கட்டிவிட்டுச் சென்றார்கள். டப்பா எந்தத் தொட்டியில் விழவேண்டும் என்பதில் இவர்களுக்கு உள்ள அக்கறையில் பாதி, அது வயிற்றுக்கு அருகே வருவதற்குமுன் இருந்திருக்கலாம். செங்கல்பட்டில் அட்டை கட்டுவோர் இல்லை. அங்கே ஸ்டிக்கர் ஒட்டுவோர் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை ஏகாம்பரம் என்னைத் தம் கடைக்கு அழைத்துச் சென்றார். பெட்டியின் மேல் அவருக்கு வெறுப்பு இருந்தது. ஆனால் பாத்திரம் சரியில்லை என்று நான் சொன்னது அவருடைய தொழிலைத் தொட்டுவிட்டது.

"நம்ம கடைல இல்லாத பாத்திரமா? தோ பாருங்க, ஓவன் சேஃபு" என்று சிவப்பு ரோசாப்பூ போட்ட ஒரு மெலமைன் தட்டை நீட்டினார்.

"ஓவன் சேஃபுன்னு யாரு சொன்னது?"

"ஸ்டிக்கர் கீதே."

"ஸ்டிக்கர் எங்கேருந்து வந்துது?"

"பாரிமுனைல ரோலா விக்கறான்" என்று சற்றும் கூசாமல் சொல்லி, பேச்சினூடே இன்னும் இரண்டு தட்டுகளுக்கு ஒட்டினார். அவர் என்னை ஏமாற்றவில்லை; அதுதான் கொடுமை. சீட்டு ஒட்டினால் தன்மை வந்துவிடும் என்று மனமார நம்புகிறார். பிள்ளையின் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டால் அறிவு வந்துவிடும் என்று நம்புகிற தேசத்தில் அவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பொறி பறந்தும் பழுதாகாமல் தப்பியிருந்த பெட்டியில் நான் முன்சொன்ன சோதனையைச் செய்து காட்டினேன். ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, தட்டு கொதித்தது. தட்டைத் தொட்டுவிட்டு விரலை உதறிய ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சம்மந்தி, எப்டி சுடுது! தண்ணி கெடக்குது வுடுங்க. தட்டு சுட்டா மேல கீற சோறு தானா சுடும்ல? சரக்குன்னா இது சரக்கு."

மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எத்தனையோ பேருக்கு நான் இச்சோதனையைக் காட்டியிருக்கிறேன். இப்படியொரு முடிவுக்கு வந்தவரை அன்றுதான் பார்த்தேன். நான் வாய்திறப்பதற்குள் சரோஜா கரித்துணியால் தட்டைப் பிடித்து வெளியே எடுத்துவைத்துவிட்டு, "கை வெக்க முடியல. இத நீ வந்து எறக்குவியா?" என்று கணவரைக் கேட்டார். ஏகாம்பரம் கடைக்குப் போய்விட்டார்.

ஞாயிறன்று திருவிடந்தைக்குப் போனோம். திருமணம் கூடிவர வேண்டிச் சுகன்யாவுக்கு அக்கோயிலில் வாங்கிய மாலையை மணமானபின் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது நிலுவையில் இருந்தது. காரில் நான், சுகன்யா, சரோஜா. உலர்ந்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு சுகன்யா கடற்கரைச் சாலையையே பார்த்துவந்தாள்.

"நாளைக்குக் கேப் வரணுமான்னு ஆபீஸ்லேருந்து மெசேஜ் அனுப்பிகினே இருக்காங்க மாமா" என்றாள் என்னிடம். "இன்னா பதில் போடறது?"

"வரச் சொல்லு" என்றார் சரோஜா, முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே.

"மாமா ஒத்துக்கணுமே அத்த."

"வரச் சொல்லுன்னா வரச் சொல்லு. ஏறலன்னா அவன் காலியா போவான். நமக்கு இன்னா?"

கோயிலை வலம்வந்து திரும்புகையில், கடற்கரை விடுதிகளுக்குப் பாத்திரம் வழங்கும் ஒரு பெரிய கடையில் நிறுத்தச் சொன்னேன். கடைக்காரர் தங்க விளிம்பிட்ட பீங்கான் வரிசையைத்தான் முதலில் பரப்பினார். "சீருக்கு எல்லாரும் இதாங்க எடுப்பாங்க, ரிச்சா இருக்கும்." ரிச்சாகத்தான் இருந்தது, அந்த வீட்டில் மீண்டுமொரு தீபாவளி நடத்தவும் அது போதும். வெறும் கண்ணாடி வேண்டும் என்றேன். பூ இல்லாத, கோடு இல்லாத, கனத்த கண்ணாடிக் கிண்ணங்களை, விற்பவருக்கே வெட்கமான சரக்கைப் போல, பின்னாலிருந்து கொண்டுவந்தார்.

சரோஜா ஒன்றைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மூடி போட்டு உள்ள வெக்கலாமாண்ணே?"

"வெக்கலாம். இறுக்கி மூடாதீங்க. ஆவி போறதுக்கு வழி வேணும்."

"வழி இல்லன்னா?"

"வெடிக்கும்."

"எங்க வூடு மாரி" என்று சொல்லிவிட்டு, இரண்டு கிண்ணங்களைக் கடைக்காரர் முன் வைத்தார். பிறகு, "ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து அப்டியே வெக்கலாமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் வெளியில் வைத்துக் குளிர் தணிந்தபின் வைக்க வேண்டும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

5

அன்று மாலையே பால் காய்ச்சினோம். மஞ்சளையும் குங்குமத்தையும் பெட்டியின் வெளிப்புறத்தில் இட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன், சரோஜா ஏற்றார். கண்ணாடிக் கிண்ணத்தில் பால் உள்ளே சுழன்றது. கதவின் வழியே நால்வரும் குனிந்து பார்த்தோம். நெடுநேரம் ஒன்றும் இல்லாதிருந்து, திடீரென்று வெண்மையாக எழும்பி, விளிம்பைத் தாண்டிப் பெட்டியின் சுழல்தட்டு முழுவதும் பரவியது. சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சுகன்யாவைப் பார்த்தேன். அவள் மாமனாரைப் பார்த்தாள்.

ஏகாம்பரம் முதுகை நிமிர்த்தினார். "பொங்கிச்சு. சரி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா பெட்டி சோறு எனக்கு வேணாம்."

"இன்னாங்க சொல்றீங்க? இப்பத்தான பால் பொங்குச்சு?" என்றார் சரோஜா.

"பால் வேற, சோறு வேற. ஆக்கன சோத்துக்கும் ஆவி காட்ன சோத்துக்கும் வித்யாசம் எனக்குத் தெரியாதா? நாக்கு இன்னா செத்தா போச்சு? ருசியே இருக்காது, அட்ட மாரி இருக்கும். அவ வேலைய வுட்டுடட்டும்."

மூன்று நாளாக நான் உலோகம், கண்ணாடி, மெலமைன் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த மனிதரின் தடை பாத்திரத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. சொம்பு போனால் நாக்கு; நாக்கு போனால் நாளை வேறொன்று வரும். என்ன கிண்ணம் வாங்கி அதை மூடுவது?

சுகன்யா அழவில்லை. கீழே வழிந்த பாலைத் துடைத்தபடி, "சரிங்க மாமா" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உண்டான அருவருப்பை இன்றும் விழுங்க முடியவில்லை.

"நான் ஆக்கிப் போடறேன்" என்றார் சரோஜா.

"நீயா? அந்த முட்டிய வெச்சிகினா?"

"என் முட்டி, எனக்குத் தெரியும். உனக்கு இன்னா வேணும்? மத்தியானம் கையால ஆக்கன சோறு. அதான? போடறேன். அவ போவட்டும்."

"தெனமும்?"

"தெனமும்."

"பாக்கலாம், எத்தினி நாளைக்குன்னு" என்று ஏகாம்பரம் தொலைக்காட்சியின் பக்கம் போனார். "அத்த, உங்களால முடியாது" என்று சுகன்யா மெல்லச் சொன்னாள். "காத்தால செஞ்சி வெச்சிட்டுப் போ. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று அதைவிட மெல்லச் சரோஜா சொன்னார். அப்போது அதன் முழுப்பொருள் எனக்கு விளங்கவில்லை.

ஓராண்டாகியும் சுகன்யா சிறுசேரிக்குப் போய்வருகிறாள். ஏகாம்பரம் செய்தித்தாள்கூடப் படிப்பவர் அல்லர். எனவே திங்கட்கிழமை நடந்ததை அச்சமின்றி எழுதலாம்.

விடியற்காலையில் ஏகாம்பரம் கொளவாய் ஏரிப்பக்கம் நடக்கப் போன நேரத்தில் சுகன்யா சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் செய்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, கேப்பில் ஏறிச் சென்றுவிட்டாள். மதிய உணவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் சற்று முன்னதாகவே போனேன். சரோஜா இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களையும் முன்பே வெளியில் எடுத்து வைத்திருந்தார். சோற்றின் மேல் நீர் தெளித்தார். மூடியைச் சற்றே சாய்த்து வைத்தார். பட்டனை அழுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். அந்தச் சமையற்கட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல்முறை.

சூடான சோற்றை எவர்சில்வர் குண்டானுக்கும் குழம்பை இருப்புச்சட்டிக்கும் மாற்றினார். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தார். பெட்டியின் மேல் ஒரு துண்டை விரித்து, ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வைத்தார். பிறகு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி காத்திருந்து, கணவரின் வண்டி முனையில் திரும்பும் ஓசை கேட்டதும் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டுக் குழம்பில் கொட்டினார். அந்த ஓசையும் மணமும் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயின.

"தெரு மொனைலயே வாசன தூக்குது" என்று சொல்லிக்கொண்டே ஏகாம்பரம் உள்ளே வந்தார். கைகழுவி உட்கார்ந்தார். சோற்றில் ஆவி பறந்தது. பிசைந்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். இன்னொரு கவளம். மேலும் சோறு கேட்டு வாங்கினார். சரோஜா முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அது தாளிப்பின் வியர்வை மட்டுமே என்பதை நான் அறிவேன்.

"சம்மந்தி, நீங்க லண்டன்ல இன்னா படிச்சிகினு வந்தாலும் சரி" என்று ஏகாம்பரம் விரலை நக்கியபடி தொடங்கினார். "கையால ஆக்கனது கையால ஆக்கனதுதான். இந்தப் பதம் பெட்டில வருமா? நெஞ்சில கை வெச்சி சொல்லுங்க, வருமா?"

வாழ்நாள் முழுவதும் பிறர் பிழையைத் திருத்தியே பழகியவன் நான். டாக்டர்களைத் திருத்தியிருக்கிறேன். நிறுத்தி நிதானமாக மூன்று வாக்கியங்களில் இந்த மனிதரை அடித்து உட்காரவைக்க என்னால் முடியும். முதல் வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்தும்விட்டது.

சரோஜா குழம்புக் கரண்டியோடு எனக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றார்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

சரோஜாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஊத்துங்க" என்றேன்.